மேற்குச் சுவரின் வெளிப்பக்கம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. நோட்டைச் சாமி அலமாரிக்குக் கீழே வைப்பேன், எடுப்பேன், திரும்ப வைப்பேன். எட்டாவதோடு நின்றவன், எழுத்துப் பிழை வருமே என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. இதை எழுதினால் நான் சொன்ன ஒரு பொய்யையும் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் தள்ளிப் போட்டேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. திருவாமாத்தூர்க் கோயிலில் பிரதோஷத்துக்கு வருகிறவர்கள் என்னைக் காட்டி ஒரு கதை சொல்கிறார்கள். அது பாதிக்கதை. மீதியைச் சொல்லாமல் அந்தச் சன்னதியில் கைகூப்பி நிற்க எனக்குக் கூசுகிறது.

எங்கள் வீடு திண்டிவனத்தில், ஊருக்குச் சற்று வெளியே. அப்பா விட்டுப்போன மனையில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி என் தம்பிக்கு. நான் ஒரு அங்குலம்கூட விடாமல் என் எல்லைக் கோட்டின்மேலேயே மேற்குச் சுவரை எழுப்பினேன். அதனால் அந்தச் சுவரின் உள்பக்கம் என்னுடையது, வெளிப்பக்கம் இருக்கிற தரை தம்பியுடையது. தம்பி தன் வீட்டை இன்னும் மேற்கே தள்ளிக் கட்டிக்கொண்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் காலியிடம். அதில் ஒரு வேப்பமரம் இருந்தது.

அந்த மேற்குச் சுவர் எங்கள் கூடத்துச் சுவர். அதில் ஜன்னல் கிடையாது. சாமி அலமாரியை அதில்தான் வைத்திருக்கிறோம். முருகர், பெருமாள், அம்மன் எல்லாரும் கிழக்கே பார்த்து இருப்பார்கள்.

வேப்பமரம் என் மாடியில் இலை கொட்டியது. மழை வந்தால் இலை குழாயை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கும், கூடத்தில் ஒழுகும். இரண்டு மழைக்காலம் பொறுத்தேன். மூன்றாவது மழையில் தெருவே கேட்கிற மாதிரி தம்பியிடம் சத்தம் போட்டேன்.

"மரத்த வெட்டறியா, இல்ல நான் எழுதிக் குடுத்து வெட்ட வைக்கவா?"

"எல விழறதுக்கு எவனாவது எழுதிக் குடுப்பானாண்ணா?" என்றான் தம்பி.

"குடுப்பேன். நாளைக்கே குடுப்பேன்."

மறுநாள் காலையிலேயே மிஷின் ரம்பத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். என் மனைவி அந்த மரத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாடியிலிருந்து மஞ்சள் குங்குமம் வைப்பாள். மாடிப்பக்கம் சாய்ந்து வந்த ஒரு கிளைதான் அவளுக்கு அம்மன். ரம்பம் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அங்க அம்மன வெட்டறாங்க. நீங்க டீ குடிச்சிக்கினு உக்காந்துருக்கீங்க" என்றாள்.

அன்றோடு நானும் தம்பியும் பேசுவது நின்றது.

அடுத்த வருஷம் மனைவிக்கு உடம்பு கெட்டது. முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு சரியானது. பிறகு ஒரு கால் மரத்துப்போனது. விழுப்புரத்தில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். கரண்டு ஒயருக்கு மேலே ரப்பர் இருக்கிற மாதிரி நரம்புக்கு மேலேயும் ஒரு உறை உண்டாம். இவளுக்கு அது அங்கங்கே தேய்கிறதாம். ஊசி, மாத்திரை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டது.

"இவங்களுக்கு சூடுதான் எதிரி. உடம்பு சூடேறினா கால் துவண்டுடும், கண்ணு மங்கும். குளிர்ந்தா திரும்ப வரும். வீட்ட எப்படியாவது குளிர்ச்சியா வச்சுக்குங்க. கீழ விழுந்து இடுப்பு கிடுப்பு ஒடஞ்சா, அப்புறம் எழுப்பறது கஷ்டம்."

மரத்தை வெட்டியதற்குத்தான் இந்தத் தண்டனையா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மரம் வெட்டி இந்த நோய் வராதுங்க. ஆனா மரம் இருந்திருந்தா வீடு குளிர்ச்சியா இருந்திருக்கும்" என்றார். இரண்டாவது பேச்சு எனக்கு முதல் பேச்சைவிட வலித்தது.

நான் விழுப்புரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மீன்காரர்களுக்கும் கல்யாண வீட்டுக்கும் கட்டி ஐஸ் போகும். காலையில் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். சித்திரை பிறந்தால் எனக்கு ஒரு தவிப்பு ஆரம்பிக்கும். நான் அங்கே குளிரில் கை விறைத்துக்கொண்டு நிற்பேன், அவள் இங்கே வெந்துகொண்டு கிடப்பாள். மதியம் இரண்டு மணிக்கு ஒரு போன், மூன்றுக்கு ஒரு போன், நான்குக்கு ஒரு போன்.

"நடக்கறியா?"

"நடக்கறேன், நடக்கறேன். போன எடுக்க நடந்ததே போதும்" என்பாள்.

ஏசி வாங்கிப் போட்டேன். எங்கள் பக்கம் மதியத்தில் வோல்டேஜ் போதாது. மிஷின் முனகும், நிற்கும், திரும்ப முனகும். பழுது பார்க்க வந்த மெக்கானிக் மிஷினைத் திறக்கவே இல்லை. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தான், எடுத்தான்.

"சார், இந்த செவுரு தோசக்கல்லாட்டம் இருக்குது. ஏசி என்னா பண்ணும் பாவம்?"

மாடிக்கு வெள்ளை ஓடு ஏற்கெனவே பதித்திருந்தோம். மிச்சம் இந்தச் சுவர்தான். மரம் போன பிறகு மதியம் ஒரு மணியிலிருந்து பொழுது சாயும்வரை வெயில் அதன்மேல்தான் விழுந்தது. சுவர் அதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் கூடத்துக்குள் விடும்.

வீடு கட்டிய கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"ரெண்டு இஞ்சு தெர்மாகோல் பலகைய செவுத்துமேல தார் தடவி ஒட்டிடலாம். மேல கோழிவல அடிச்சு, சிமெண்டு பூசிட்டா மழைக்கும் தாங்கும். ஆனா வெளிப்பக்கம்தான் ஒட்டணும்ண்ணே. வெயில் செவுத்தத் தொடறதுக்கு முன்னாடியே தடுக்கணும்."

"உள்ள ஒட்டக்கூடாதா?"

"உள்ள ஒட்டலாம். அப்ப சாமிய எங்க வைப்பீங்க? விளக்குப் பக்கத்துல தெர்மாகோல் இருந்தா பத்திக்கும்."

"வெளிய ஒட்டணும்னா?"

"தம்பி எடத்துல சாரம் கட்டணும். ஒரு வாரத்து வேல. கேட்டுட்டு சொல்லுங்க, நான் வர்றேன்."

கேட்டுட்டு சொல்லுங்க. இரண்டு சொல்தான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டு மாடியில் நின்று தம்பி வீட்டு வாசலைப் பார்ப்பேன். தம்பி வெளியே வந்தால் நான் உள்ளே வந்துவிடுவேன். ரயிலில் நின்றுகொண்டே எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று பேசிப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கிறவர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி நிற்பார். "மரத்த வெட்டுன்னு சொன்னேன், இப்ப வெயில் தாங்கல." இதை எந்த வாயால் சொல்வது?

எட்டாம் நாள் மனைவி கேட்டாள்: "தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டான்."

வாயிலிருந்து அது வந்த வேகத்தை நானே எதிர்பார்க்கவில்லை. சாமி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த தம்பியா? முடியாதுன்னா சொல்லுச்சு?"

"ஆமா. இனிமே அந்தப் பேச்ச எடுக்காத."

பொய்யை நிஜமாக்க வேலையும் செய்தேன். கம்பெனியில் ஒரு குளிர் அறையைப் புதுப்பித்தபோது மிஞ்சிய தெர்மாகோல் பலகைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். கொத்தனாருக்குச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து கூடத்தின் வடக்குச் சுவர், கிழக்குச் சுவர், தெற்குச் சுவர் மூன்றிலும் உள்பக்கமாக ஒட்டினேன். ஒட்டிய வேகத்தில் வடக்கு ஜன்னலையும் மூடிவிட்டேன். மேற்குச் சுவரைத் தொடவில்லை. சாமி இருக்கிற சுவர், அதை மறைக்கக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். பக்தியாகச் சொன்னதால் அவளும் மறுத்துப் பேசவில்லை.

எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம் இதுதான். கட்டி ஐஸை லாரியில் அடுக்கும்போது உமியையும் சாக்கையும் எந்தப் பக்கம் போடுவோம்? வெயில் படுகிற பக்கம். இருபது வருஷமாகச் செய்கிற வேலை. அடுத்தவர் வீட்டு மீனுக்குச் செய்யத் தெரிந்த எனக்கு, என் வீட்டு மனுஷிக்குச் செய்யத் தெரியவில்லை.

கூடம் முன்பைவிட மோசமானது. சூடு வருகிற சுவர் அப்படியே இருந்தது. சாயங்காலக் காற்று பட்டுக் குளிர வேண்டிய மற்ற சுவர்களை நான் போர்த்தி வைத்திருந்தேன். வந்த சூடு வெளியே போக வழியில்லை. அவள் கட்டிலில் ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நான்கு சுவரையும் தொட்டுப் பார்ப்பேன். உட்காருவேன், எழுந்து திரும்பத் தொடுவேன்.

"தொட்டுத் தொட்டுப் பாத்தா செவுத்துக்கு ஜொரம் எறங்கிடுமா? உக்காருங்க, பேஜாரு பண்ணாதீங்க" என்பாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் வீட்டுக்குள் வரவும் அவள் விளக்கேற்றப் போகவும் சரியாக இருந்தது. கட்டிலிலிருந்து அலமாரிக்குப் பதினோரு அடி. ஒன்பதாவது அடியில் கால் மடிந்தது. விழாமல் இருக்கச் சுவரில் கையை ஊன்றினாள், சூடு தாங்காமல் கையை எடுத்தாள், எடுத்ததும் விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். இடுப்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை சிராய்த்திருந்தது, உள்ளங்கை சிவந்திருந்தது.

என் மடியில் சாய்ந்தபடியே அவள் அலமாரியைப் பார்த்தாள். அம்மன் படம் சூட்டில் கண்ணாடிக்குள் சுருங்கி, முகத்தில் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

"பாருங்க. சாமிக்கே முதுகு சுடுது. செவுத்த மறைக்கக்கூடாதுன்னு சொன்னீங்களே, சாமியா சொல்லுச்சு அப்படி?"

அவள் பாதத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கால் விரல் அசைந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில், அது அசையாமலே போனால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் மனதில் ஓடவில்லை.

அடுத்த பிரதோஷம் வந்தது. நான் வழக்கமாகக் கம்பெனியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துத் திருவாமாத்தூர் போவேன். அங்கே அம்மன் சன்னதியில் வட்டப்பாறை என்று ஒன்று உண்டு. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தம்பி வழக்கில் பொய் சொன்ன ஒரு அண்ணனின் கதையையும் அதை ஒட்டிச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவேன். அன்றைக்குச் சுவாமியைப் பார்த்தேன், நந்திக்கு அருகம்புல் கொடுத்தேன், அம்மன் சன்னதிப் பக்கம் கால் போகவில்லை. போக எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லையே, வீட்டில் சும்மா சொன்னதுதானே என்று எனக்கு நானே வழக்காடினேன். கடைசியில் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் பூ விற்கிற அம்மா எனக்குப் பழக்கம்.

"என்னாண்ணே, அம்மன் பக்கம் போகாமயே திரும்பிட்ட?"

"கூட்டமா இருக்குதும்மா."

"கூட்டமா? நான் இங்கருந்து பாத்துக்கினுதான இருக்கேன், நாலு பேரு கூட இல்ல. ஜல்தியா போய்க் கும்புட்டுட்டு வாண்ணே."

கோயில் வாசலில் இரண்டாவது பொய். திரும்பி உள்ளே போனேன். வட்டப்பாறை முன்னால் நின்று, "கேட்கவில்லை, கேட்டதாகச் சொன்னேன்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருவர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துத் தானும் கைகூப்பினார். அங்கிருந்து விழுப்புரம் வந்து திண்டிவனம் பஸ் ஏறினேன். இடம் இருந்தும் உட்காரவில்லை. வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து விபூதியைக் கொடுத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"தம்பிகிட்ட நான் கேக்கவே இல்ல."

அவள் விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டாள். "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க கேட்டேன்னு சொன்னதுக்கு மக்காநாளே உங்க தம்பி பொண்டாட்டி மல்லாட்ட அவிச்சு எடுத்துக்கினு வந்தா. 'அக்கா, மாமா தெனமும் மாடியில நின்னு எங்க வாசலயே பாக்குறாரு. ஏதாவது கேக்கணும்னா வந்து கேக்கச் சொல்லுக்கா'ன்னா. முடியாதுன்னு சொன்ன வீட்டுல இருந்து அவிச்ச வேர்க்கடல வருமா?"

"அப்பவே நீ கேட்டிருக்கலாமே. இத்தன நாள் வெந்துக்கினு கெடந்தியே."

"நான் கேட்டா அந்த தம்பி அன்னைக்கே சரின்னுடும். அப்பறம் நீங்க ஜென்மத்துக்கும் அது மூஞ்சிய பாக்க மாட்டீங்க. எனக்கு கால் வந்து நான் மட்டும் அந்த வீட்டுக்கு நடந்து போய்க்கினு இருக்கணுமா?"

மறுநாள் காலையில் குளித்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான், வா என்று சொல்லவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான்.

"எங்க மேக்கால செவுத்துக்கு வெளிய ரெண்டு இஞ்சு பலக ஒட்டற வேல இருக்குது" என்றேன். "உன் எடத்துல சாரம் கட்டணும்."

"என்னா?"

"சாரம் கட்டணும்."

"காதுல விழல. மரத்த வெட்டச் சொல்லும்போது தெருமுன வரைக்கும் கேட்டுச்சு. இத மட்டும் ஏன் இவ்ளோ மெதுவா கேக்கற?"

உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது: "மாமாவ நிக்க வச்சுப் பேசாதீங்க, நாற்காலி போடுங்க!"

"அவரு உக்கார வரல, அளக்க வந்துருக்காரு" என்றான் தம்பி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "தப்பு என்மேலதான். மரத்த நான் வெட்டச் சொல்லியிருக்கக் கூடாது. உங்க அண்ணி போன வாரம் விளக்கேத்தப் போயி விழுந்துட்டா. செவுரு சுடுது. அடுத்த வாட்டி விழுந்தா எழுந்திருக்க மாட்டா" என்றேன்.

தம்பி துணியை வாளியில் போட்டான். எங்கள் சுவரருகே நடந்து போய், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் ஏறி நின்று சுவரில் கை வைத்தான். காலை நேரம், சுவர் சுட்டிருக்காது. ஆனாலும் ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"அண்ணி விழுந்தத எனக்கு யாரும் சொல்லல" என்றான். பிறகு, "என்ன வேணா ஒட்டிக்க. ரெண்டு இஞ்சு இல்ல, ரெண்டு அடி வேணா என் பக்கம் வா. ஆனா இதே எடத்துல நான் ஒரு வேப்பங்கன்னு வைப்பேன். அது வளந்து உன் மாடியில எல கொட்டும். வாயத் தொறக்கக்கூடாது."

"தொறக்க மாட்டேன்."

"எழுதிக் குடுப்பியே?"

"நானே பெருக்கறேன்டா."

அதற்குத்தான் அவன் சிரித்தான்.

கொத்தனார் ஆறு நாளில் வேலையை முடித்தார். சுவரைத் தேய்த்துக் கழுவி, தார் தடவி, பலகையை இடைவெளி இல்லாமல் ஒட்டி, கோழிவலை அடித்துப் பூசினார். மேல் விளிம்பில் மழைத்தண்ணீர் இறங்காதபடி ஒரு பட்டை எடுத்தார். கடைசியில் வெள்ளைச் சுண்ணாம்பு. நான் உள்ளே ஒட்டியிருந்ததைப் பிய்த்து ஜன்னலைத் திறந்தேன். கொத்தனார் அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு, "இத யாருண்ணே ஒட்டுனது? அவன் கையில இனிமே தார் டப்பாவ குடுக்காதீங்க" என்றார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஆறு நாளும் தம்பி வீட்டிலிருந்துதான் கேப்பைக் கூழ் வந்தது.

ஏழாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரைத் தொட்டேன். குளிர்ச்சி என்று சொல்லமாட்டேன். மற்ற சுவர்களைப் போல இருந்தது, அவ்வளவுதான். அவள் பதினோரு அடியும் நடந்து விளக்கேற்றினாள்.

நோய் போகவில்லை. சில நாள் நடப்பாள், சில நாள் முடியாது. போன ஐப்பசியில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே கால் ஒருமுறை இழுத்துக்கொண்டது. ஊசி போட்டுத்தான் சரியானது. ஆனால் கத்திரி வெயிலில் அவள் கூடத்தில் விழுவது நின்றிருக்கிறது. வேப்பங்கன்று இப்போது என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. எங்கள் மாடியை எட்ட இன்னும் சில வருஷம் ஆகும். சாயங்காலம் வந்ததும் சுவரைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் விடவில்லை.

கோயிலில் சொல்கிற கதை வேறு மாதிரி. வட்டப்பாறை முன்னால் ஒருவர் மந்திரம் சொல்லி வேண்டிக்கொண்டார், அவர் மனைவிக்குக் கால் வந்துவிட்டது என்கிறார்கள். நான் வேண்டிக்கொள்ளவில்லை, ஒப்புக்கொண்டேன். சாமி என்னை அங்கே நிறுத்தியது, அதை நான் நம்புகிறேன். ஆனால் சுவரில் பலகை ஒட்ட இடம் கொடுத்தவன் என் தம்பி. அது தெரியாமல் யாராவது வைத்தியத்தை விட்டுவிட்டுப் பாறையைச் சுற்ற ஆரம்பித்தால் அந்தப் பாவமும் எனக்குத்தான் வரும்.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேற்குச் சுவர் கொதிக்கிற வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களுக்குக் கொடுங்கள். இருக்கிறபடியே கொடுங்கள். பலகையை வெளிப்பக்கம் ஒட்டு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நான் பொய் சொன்னதை விட்டுவிடாதீர்கள், என்மேல் இரக்கப்பட்டு அதை மழுப்பவும் வேண்டாம். ஒட்டுகிற விதத்தை எந்தக் கொத்தனாரும் சொல்லிவிடுவார். நான் ஒரு கோடை முழுக்கத் திணறியது பக்கத்து வாசலுக்குப் போக. நான் கேட்காமல் இருந்த நாளெல்லாம் அவள் வெந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.